நாற்பத்திரண்டாவது சத்தம்

அத்தானுக்கு ஃபேன் ஓடாவிட்டால் தூக்கம் வராது. வெயில் காலம், குளிர் காலம் என்ற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. கழுத்துவரை கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கால்மாட்டில் ஸ்டாண்ட் ஃபேனை மூன்றாம் நம்பரில் சுழலவிட்டுப் படுப்பார். அக்கா பக்கத்தில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கிடப்பாள். கல்யாணமான முதல் மாதத்தில் சண்டை போட்டாள், இரண்டாம் மாதத்தில் அழுதாள், மூன்றாம் மாதத்தில் ஒரு பெரிய பஞ்சுப் பொட்டலம் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த அறையில் படுக்கும் தங்கைக்குத்தான் அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. கடலிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள் அக்கா வீட்டில்தான் தங்குவாள். படுக்கும் முன் ஒரு துண்டைச் சுருட்டிக் கதவிடுக்கில் திணிப்பாள். அமைதிதான் அவளுக்குச் சோறு போட்டது. ஒரு டீசல் நீர்மூழ்கிக் கப்பலில் சோனார் அறையில் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கடலைக் கேட்பது அவள் வேலை. பதினாறு வருடமாக அதே நாற்காலி. சத்தத்தைக் காட்டும் திரையில் கோடு விழுவதற்கு ஒரு நிமிடம் முன்பே, "வடக்கே ஒரு கப்பல் வருது, சரக்குக் கப்பல், ப்ரொபெல்லர்ல ஒரு இலை வளைஞ்சிருக்கு" என்று சொல்லிவிடுவாள். அதனால் பூனைக்காது என்று பெயர் வைத்தார்கள். பெயர் நாளடைவில் தேய்ந்து வெறும் பூனையாகிவிட்டது.

அத்தானும் நீர்மூழ்கிக்காரர்தான். ஆனால் அவருடையது அணுசக்தியில் ஓடுவது. அங்கே அணு உலைப் பகுதியில் எஞ்சினியர். இப்படி ஒரு வீட்டில் இந்த இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டால் என்ன நடக்கும்? சாப்பாடு ஆறிப்போகும்.

"நாங்க மூணு மாசம் தண்ணிக்கு அடியிலேயே இருப்போம். காத்தும் நாங்களே பண்ணிக்குவோம், குடிதண்ணியும் நாங்களே பண்ணிக்குவோம். அரிசி தீர்ந்தாத்தான் திரும்பறதைப் பத்தியே யோசிப்போம்" என்பார் அத்தான். "நீங்க? ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மேல வந்து குழாயை நீட்டி மூச்சு வாங்கணும். குளிக்க ஒரு மக்கு தண்ணி. நீ வந்தா வாசல்லயே டீசல் வாடை வருது."

"மேல வர்றோம், சரி. கீழ பேட்டரியில ஓடும்போது நாங்க இருக்கோமான்னு மீனுக்குக்கூடத் தெரியாது. நீங்க சும்மா நின்னாலே ஊரைக் கூட்டுவீங்க. உலையைக் குளிர வைக்கிற பம்பை நிறுத்த முடியுமா உங்களால?"

"அது சத்தமில்லம்மா. இதயத்துடிப்பு."

"எனக்கு அது கேக்குமே அத்தான். அதான் பிரச்சினை."

விஷயம் உண்மையில் இவ்வளவுதான். டீசல் கப்பல், மேலே வந்து எஞ்சினை ஓட்டிச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் கைப்பேசி மாதிரி. சார்ஜ் இருக்கும்வரை மூச்சுக்காட்டாமல் கிடக்கும், தீர்ந்தால் மேலே வந்துதான் ஆகவேண்டும். அணுக்கப்பலுக்கு அந்தக் கவலை இல்லை, வருடக்கணக்காக ஓடும். ஆனால் அதற்கு முழு அமைதி என்பதும் இல்லை, எங்கோ ஒரு பம்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதில் எது உசத்தி என்று உலகத்துக் கடற்படைகளே இன்னும் ஒரு முடிவுக்கு வந்தபாடில்லை. இவர்கள் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு கட்டப் பார்த்தார்கள்.

அக்கா மழலையர் பள்ளி ஆசிரியை. தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள். "இவ்வளவு செலவு பண்ணி ஒளிஞ்சு விளையாடறீங்க. எங்க ஸ்கூல்ல இதே விளையாட்டை ஒரு மேஜையும் ஒரு போர்வையும் வெச்சு விளையாடுதுங்க. அதுங்களுக்கு அஞ்சு வயசு."

அந்தத் திங்கட்கிழமை இருவரும் கிளம்ப வேண்டும். ஒரே கடற்பரப்பில் மூன்று நாள் பயிற்சி. அணுக்கப்பல் அந்தப் பரப்பைக் கடந்துபோக வேண்டும். டீசல் கப்பல் அதைக் கண்டுபிடித்து, சுட்டதற்கு அடையாளமாக ஒரு ஒலியை அனுப்ப வேண்டும். யார் முதலில் யாரைக் கேட்கிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். வயதான டீசல் கப்பல்களை ஒதுக்கிவிடலாமா என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்ததால், பூனையின் கப்பலில் எல்லோரும் ஒரு கை பார்த்துவிடுவது என்று இருந்தார்கள்.

கிளம்பும் காலையில் பூனை கண் சிவக்க எழுந்து வந்தாள்.

"அத்தான், உங்க ஃபேன் ராத்திரி முழுக்க கீய்ய்னு கத்துது. எண்ணெய் கிண்ணெய் விடக்கூடாதா?"

"எந்த ஃபேன்?" என்றார் அவர். அவர் கண் அவளுடையதைவிடச் சிவந்திருந்தது. "அது வெள்ளிக்கிழமையே ரிப்பேருக்குப் போயிடுச்சு. மூணு நாளா நான் ஒரு பொட்டுத் தூங்கல."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்து வீட்டு ஃபேனாக இருக்கும் என்று பூனையும் சிரித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

பயிற்சியின் இரண்டாம் நாள் மதியம், டீசல் கப்பல் கடலடி மணலில் வயிற்றை வைத்துப் படுத்திருந்தது. எஞ்சின் இல்லை, ப்ரொபெல்லர் இல்லை. ஐம்பது பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடந்தார்கள். அப்போதுதான் பூனை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒரு சத்தம். மெல்லிசாக, கீய்ய் என்று, ஏற்ற இறக்கமே இல்லாமல். திரையைப் பார்த்தாள். திரையில் ஒன்றும் இல்லை.

"உங்களுக்குக் கேக்குதா?" என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டாள். அவரும் சோனார்காரர்தான், அவளைவிட ஆறு வயது மூத்தவர். கண்ணை மூடித் தலையைச் சாய்த்து நெடுநேரம் கேட்டார். அவருக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை. ஆனால் பூனைக்குக் கேட்டு தனக்குக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? "லேசா இருக்கு" என்றார்.

கேப்டனைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டார். கேப்டன் நல்ல மனிதர், தைரியசாலி, ஆனால் கேப்டன். "ம்ம்... இருக்கிற மாதிரிதான் இருக்கு" என்றார்.

இப்படியாக இல்லாத ஒரு சத்தத்துக்கு மூன்று சாட்சிகள் சேர்ந்துவிட்டார்கள். திரையில் தெரியாதது யாருக்கும் உறுத்தவில்லை. அந்தக் கப்பலில் திரையும் பூனையும் வேறுவேறாகச் சொன்னால், திரையைத்தான் சந்தேகப்படுவார்கள்.

"எந்தப் பக்கத்துல இருந்து வருது?" என்றார் கேப்டன்.

பூனை கருவியை ஒவ்வொரு திசையாகத் திருப்பினாள். வடக்கில் இருந்தது. கிழக்கிலும் இருந்தது. முன்னால், பின்னால், எங்கே திருப்பினாலும் அதே சத்தம், அதே அளவு.

"எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வருது சார். அப்படின்னா இது வெளியில இல்ல. நம்மகிட்டதான் இருக்கு."

கேப்டன் முகம் மாறியது. தன் கப்பலே சத்தம் போடுகிறதென்றால், அணுக்கப்பலின் ஆட்கள் காலாட்டிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார்கள். "சீஃபை வரச் சொல்லுங்க" என்றார்.

சீஃப் என்பவர் இயந்திரங்களுக்கெல்லாம் பொறுப்பாளர். குள்ளமான மனிதர். கப்பலில் உள்ள ஒவ்வொரு மோட்டாரையும் பெற்ற பிள்ளை மாதிரி பார்ப்பவர். தன் பிள்ளைகளில் ஒன்று கத்துகிறது என்று கேட்டதும் அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"எதுன்னு சொல்லு பூனை. இந்த நிமிஷமே வாயை அடைக்கிறேன்."

"அதான் தெரியல சீஃப். ஒண்ணொண்ணா நிறுத்துங்க. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

சீஃப் ஒரு நோட்டை எடுத்து எண் போட ஆரம்பித்தார். ஒன்று, கழிவுநீர் பம்பு. நிறுத்தினார். ஒரு ஆள் சோனார் அறை வாசலில் தலையை நீட்டிப் பூனையைப் பார்த்தான். பூனை உதட்டைப் பிதுக்கினாள். இரண்டு, எண்ணெய்க் குளிர்விப்பான். பிதுக்கினாள். மூன்று, நான்கு, ஐந்து. சமையலறைக் குளிர்பெட்டி பதினொன்றாவது. சமையல்காரர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள நாலு நாளைக்கு வேண்டிய கோழி இருக்கு. ஐஸ்கிரீம் இருக்கு. உருகினா யார் திங்கறது?"

"நீங்கதான்" என்றார் சீஃப், நிறுத்திவிட்டார். ஐஸ்கிரீமை உருகுவதற்குள் எல்லோருக்கும் கிண்ணத்தில் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. ஆனால் உலோகக் கரண்டி கூடாது என்று உத்தரவு. ஐம்பது வளர்ந்த மனிதர்கள் விரலால் வழித்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

பத்தொன்பது, ஒரு மாலுமியின் மின்சார ஷேவர், பெட்டிக்குள் தானாக ஓடிக்கொண்டிருந்தது. இதுதான் இதுதான் என்று எல்லோரும் குதூகலமாகப் பூனையைப் பார்த்தார்கள். இல்லை. இருபத்தாறு, கேப்டன் அறைச் சுவர்க்கடிகாரம். கேப்டனே அதன் பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். இல்லை. முப்பத்திமூன்று, குறட்டை. மல்லாந்து படுக்கக் கூடாது, மீறினால் விலாவில் குத்த ஒரு காவல் போட்டார்கள். அதுவும் இல்லை. நாற்பத்தொன்று, காற்றைச் சுழற்றும் விசிறிகள். அதை நிறுத்தினால் வெக்கையும் புழுக்கமும் வந்துவிடும். நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. நிறுத்தினார்கள்.

அந்தக் கப்பல் பிறந்த நாளிலிருந்து அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. ஒருவர் எச்சில் விழுங்குவது அடுத்தவருக்குக் கேட்டது. சீஃப் சோனார் அறை வாசலுக்கு வந்து, வாயைத் திறக்காமல் கண்ணால் கேட்டார்.

பூனை தலையை ஆட்டினாள். சத்தம் இன்னும் இருந்தது. குறையவே இல்லை, இப்போது இன்னும் தெளிவாக இருந்தது.

சீஃபின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முப்பது வருடம் மோட்டார்களோடு குடித்தனம் நடத்தியவர். எது தன்னை ஏமாற்றுகிறது என்று தெரியாமல் நோட்டின் நாற்பத்தொரு வரிகளையும் மறுபடி மறுபடி படித்தார்.

அப்போது வேறொன்று கேட்டது. தாழ்வாக, நிதானமாக, தும்... தும்... என்று. பூனை கையை உயர்த்தினாள். இதற்குத் திசை இருந்தது. தென்மேற்கு. அரை நிமிடம் கழித்துத் திரையிலும் மெல்லிய கோடு விழ ஆரம்பித்தது. பக்கத்து நாற்காலிக்காரர் இந்த முறை நிஜமாகவே கேட்டு, நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பம்பு சார்" என்று பூனை கிசுகிசுத்தாள். "அவங்கதான். நேரா நம்ம தலைக்கு மேல வர்றாங்க. நாம இருக்கிறதே அவங்களுக்குத் தெரியல."

தெரியத்தான் இல்லை. நாற்பத்தொரு வாயை அடைத்த கப்பலை எந்தக் காது கேட்கும்? கேப்டன் அதைப் பக்கத்தில் வரவிட்டு, இன்னும் பக்கத்தில் வரவிட்டு, தலைக்கு மேல் வந்ததும் அடையாள ஒலியை அனுப்பினார். பிறகு நீரடித் தொலைபேசியில் அணுக்கப்பலின் கேப்டன் குரல் கரகரவென்று வந்தது.

"எங்கய்யா இருக்கீங்க?"

"உங்க காலடியில" என்றார் இவர்.

விசிறிகள் சுழன்றன, குளிர்பெட்டி உறுமியது, ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆளுக்கு ஆள் வந்து பூனையின் தோளைத் தட்டினார்கள். இவள் மட்டும் அந்தச் சத்தத்தைப் பிடிக்காமல் இருந்திருந்தால் நாம் இத்தனையையும் நிறுத்தியிருப்போமா, இவ்வளவு அமைதியாகியிருப்போமா என்று கேப்டன் எல்லோர் முன்னாலும் சொன்னார். பூனைக்கு உச்சி குளிர்ந்தது. சிரித்துக்கொண்டே தன் படுக்கைக்குப் போனாள்.

படுத்ததும் அவளுக்கு ஒரு யோசனை. விசிறி ஓட ஆரம்பித்ததும் அந்தச் சத்தம் காணாமல் போய்விட்டதே, எங்கே போயிற்று? உண்மையில் இது வெறும் ஆர்வம்தான். விடை தெரியாத சத்தத்தை அவளால் விட்டுவிட முடியாது, அந்தக் குணம்தான் அவளை அந்த நாற்காலியில் பதினாறு வருடம் உட்கார வைத்தது. வெளிச் சத்தத்தையெல்லாம் அடைத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

அவள் இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டாள்.

சோனார்காரர்கள் காதைப் பொத்துவதில்லை. அது கொல்லன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது போல. அந்த எண்ணமே வராது. அதனால்தான் இத்தனை மணி நேரம், இத்தனை பேருக்கும், உலகத்திலேயே எளிதான இந்தச் சோதனை தோன்றவில்லை. ஐம்பது பேர் சேர்ந்து ஒரு கப்பலையே அணைத்துப் பார்த்தார்கள். ஒருத்தி காதைப் பொத்திப் பார்க்கவில்லை.

விசிறிச் சத்தம் போயிற்று. பேச்சுச் சத்தம் போயிற்று. கீய்ய் என்ற அது மட்டும், இடது பக்கம், தலைக்குள், தன் வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது.

அக்கா வீட்டில் ஓடாத ஃபேனின் சத்தமும் இதுதான். எத்தனை மாதமாக இருக்கிறதோ. பூனை படுக்கையின் திரையை இழுத்து மூடிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். சத்தம் வராமல் எதையும் செய்வதுதான் அவர்களுக்குப் பழக்கமாயிற்றே.

துறைமுகம் திரும்ப ஒன்றரை நாள் ஆகும். அந்த ஒன்றரை நாளும் அவள் தனக்குத்தானே வக்கீலாக வாதாடினாள். யாருக்குத் தெரியும்? விசிறி ஓடினால் சத்தமே இல்லை. வலது காது பழுதில்லை. பம்பைத் திரைக்கு முன்னால் பிடித்தது யார்? ஓய்வு பெற இன்னும் நாலு வருடம்தான், தள்ளிவிட்டால் போதும். டாக்டரிடம் போனால் அன்றைக்கே நாற்காலி போய்விடும். அந்த நாற்காலி இல்லாமல் அவள் யார்? வாசலில் டீசல் வாடையோடு வந்து நிற்கும் அக்காவின் தங்கை, அவ்வளவுதான்.

வாதம் கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டது. சீஃப்தான் கெடுத்தார்.

கரை தெரியும் நேரம், அவர் இயந்திர அறையில் நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூனையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"கேப்டன்கிட்ட பேசிட்டேன். கரை சேர்ந்ததும் நாற்பத்தொண்ணையும் கழட்டப் போறேன். எதுவோ ஒண்ணு எங்கிட்ட பொய் சொல்லுது. கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

"உங்க லீவு?"

"கேன்சல் பண்ணிட்டேன். மகளுக்குக் குழந்தை பிறந்து ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் பார்க்கல. பரவாயில்ல, குழந்தை எங்க போயிடப் போகுது. இந்தச் சத்தத்தை விட்டா நாளைக்கு நிஜமாவே ஒருத்தன் கேட்டுடுவான்ல?" நோட்டைத் தட்டினார். "என் கப்பல்ல இருந்துக்கிட்டு எனக்குத் தெரியாம ஒரு சத்தம்! நியாயமா சொல்லு, எனக்குத் தூக்கம் வருமா?"

பூனை அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். நோட்டையும் வாங்கினாள். நாற்பத்தொன்று, காற்று விசிறி என்ற வரிக்குக் கீழே நாற்பத்திரண்டு என்று எண் போட்டு எழுதினாள்: பூனையின் இடது காது.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

சீஃப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அவர் எதையும் மெதுவாகத்தான் கழற்றுவார். இதையும் மெதுவாகத்தான் கழற்றினார். திட்டுவார் என்று அவள் நினைத்தாள். உருகிப்போன கோழிக்காகவாவது திட்டியிருக்கலாம்.

"இதை எப்படி ஆஃப் பண்றது?" என்று கேட்டார் கடைசியில்.

"முடியாது சீஃப்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "கேப்டனுக்குத் தெரியுமா?"

"இல்ல. இப்பத்தான் போறேன்."

"இரு, நானும் வர்றேன்" என்று எழுந்தார்.

கேப்டன் முழுவதையும் கேட்டார். தனக்கும் கேட்டதாகச் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். காதின் நுனி சிவந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் அன்று முழுக்கப் பூனையின் கண்ணில் படாமலே நடமாடினார். அறுபது மீட்டர் நீளக் கப்பலுக்குள் அது லேசான காரியமில்லை.

கரையில் ஒரு டாக்டர் அவளைக் கண்ணாடி போட்ட பெட்டி அறைக்குள் உட்கார வைத்து, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். வலது காதுக்கு அவள் கை ஓயாமல் அழுத்தியது. இடது காதின் முறை வந்ததும் கை சும்மா இருந்த நேரம் அதிகம். டாக்டர் கனிவானவர். இது குறைந்தால் குறையலாம், போகாது என்றார். சிலருக்குச் சின்னதாக ஏதாவது சத்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் தூக்கம் வரும் என்றும் சொன்னார். பிறகு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். அந்த நாற்காலி போயிற்று. கரையில் வேறு ஒரு வேலை தருவோம் என்றார்கள். என்ன வேலை என்று அவள் கேட்கக்கூட இல்லை.

சீஃப் லீவில் போய்விட்டார். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு படம் அனுப்பியிருந்தார். "இது ஆஃப் ஆகவே மாட்டேங்குது" என்று கீழே எழுதியிருந்தார். நாற்காலி போன பிறகு பூனை அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அத்தானின் கப்பல் ஒரு வாரம் கழித்துத் திரும்பியது. அவர் வந்து சேர்ந்த மதியம் அக்கா பள்ளியில் இருந்தாள். பையை வாசலில் போட்டவர், முகம்கூடக் கழுவாமல் பூனை இருந்த அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தோத்துட்டோம், ஒத்துக்கறேன். எங்க ஆளுங்க மண்டையைப் பிச்சுக்கறாங்க. அந்த மாதிரி ஒரு அமைதியை யாருமே பார்த்ததில்லையாம். என்னதான் பண்ணீங்க? புது பேட்டரியா? ரகசியமா இருந்தா சொல்லாத. ஆனா சொல்லேன்."

அவள் சொன்னாள். அத்தான் ஐஸ்கிரீம் வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேப்டனின் கடிகாரத்துக்கு இன்னும் சிரித்தார். நாற்பத்திரண்டாவது வரி வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"இப்பவும் கேக்குதா?"

"வீட்டுல ரொம்பக் கேக்குது. கதவை மூடினா அது மட்டும்தான் கேக்குது. உங்க கப்பல் மாதிரி ஆயிட்டேன் அத்தான். நின்னாலும் ஓடிக்கிட்டே இருக்கு." இடது காதைத் தேய்த்துக்கொண்டாள். "பத்து நாளா தூங்கல."

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கப்பல்ல சத்தம் நின்னா எல்லாரும் எழுந்து ஓடணும்" என்றார் பிறகு. "பம்பு நின்னுபோச்சுன்னு அர்த்தம். தூக்கத்துல இருந்தாலும் அமைதியானா முழிப்பு வந்துடும். பதினோரு வருஷமா அப்படி. வீட்டுக்கு வந்து விளக்கை அணைச்சா ஒரே அமைதி. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். எழுந்து எங்கயோ ஓடணும், எங்கன்னு தெரியாது. அதுக்குத்தான் அந்த ஃபேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"காத்துக்குன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்டயா? அமைதியை வெச்சே பொழப்பு நடத்தறவகிட்ட, அமைதின்னா எனக்குப் பயம்னு எப்படிச் சொல்றது? ஒரு சாப்பாட்டு நேரத்துக்குத் தாங்குவேனா உன் கிண்டலை?"

எத்தனை வருடம் அந்தக் கதவிடுக்கில் துண்டைத் திணித்திருக்கிறோம் என்று பூனை நினைத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது.

அவர் எழுந்து போனார். அடுத்த அறையில் பிளக்கைப் பிடுங்கும் சத்தம், பிறகு சக்கரம் இல்லாத கனமான எதையோ தரையோடு இழுக்கும் சத்தம். ரிப்பேரிலிருந்து வந்த ஸ்டாண்ட் ஃபேனை இழுத்துக்கொண்டு அவள் கட்டிலருகே வந்து நின்றார்.

"நீ வெச்சுக்க."

"அப்ப நீங்க?"

இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்தார்கள். அது ஒன்றுதான் இருந்தது. ஒரு நீர்மூழ்கி எஞ்சினியரும் ஒரு நீர்மூழ்கி சோனார்காரியும் இந்தக் கணக்கைப் போட்டு முடிக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்கள் என்பதை யாரிடமும் சொல்லவேண்டாம்.

மாலையில் அக்கா பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது, நடைவழியின் நட்டநடுவில் ஃபேன் மூன்றாம் நம்பரில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்க அறையில் புருஷன், அந்தப் பக்க அறையில் தங்கை. இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தன. துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள், புருஷன் குறட்டையோடு.

காரணம் அவளுக்குத் தெரியாது. ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகளைத் தூங்க வைத்துப் பழகியவள் என்பதால் கேட்கவும் இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைச் சுற்றி, சத்தமில்லாமல் சமையலறைக்குப் போனாள்.